குறையைச் சொல்வது யார் கடமை?

வியாபாரியின் கடமைகளைப் பற்றி எமது சமூகத்தில் நிறையவே பேசப்படுகிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையை வருடத்தில் இரண்டு மூன்று ஜும்ஆப் பிரசங்கங்களிலாவது கேட்கிறோம். பாலில் நீர் கலப்பவர், பழைய அரிசியைப் புதிய சாக்கில் கொட்டுபவர் எல்லாரும் அங்கே வந்து போகிறார்கள். ஆனால் வாங்குபவனுக்குக் கடமை ஏதும் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. பணத்தைக் கொடுத்ததோடு அவன் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? வாங்கிய பொருளில் குறை கண்டவன் அதைச் சொல்லத்தான் வேண்டுமா, பொறுத்துக்கொண்டு போவது மேலானதா? சொல்வதென்றால் யாரிடம், எந்த அளவுக்கு?

இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு புத்தக அலுமாரி. விடயம் சிறியதுதான். ஆயினும் அது கிளப்பிய வாதங்கள் சிறியவையல்ல என்பதால், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வாதங்களுக்கு வருகிறேன்.

அக்குறணைக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் ஆசிரியனாக இருக்கிறேன். வாப்பா சேர்த்து வைத்த சஞ்சிகைகளும் நான் சேர்த்தவையும் பெட்டிகளில் கிடந்து பூச்சி அரித்துக்கொண்டிருந்தன. சென்ற வருடம் இணையத்தில் தளபாடம் விற்கும் ஒருவரிடம் 6 அடி உயரம், 5 தட்டுகள், இரண்டு கண்ணாடிக் கதவுகள் கொண்ட அலுமாரி ஒன்றுக்குச் சொல்லி, 74,500 ரூபாவை வங்கியில் முழுதாகக் கட்டினேன். “தேக்கு மரத்திலான புத்தக அலுமாரி” என்று விளம்பரம் சொன்னது. அதை அன்றே கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தேன். முன்பு வாங்கியவர்கள் 41 பேர் ஐந்து நட்சத்திரம் இட்டுப் புகழ்ந்திருந்தார்கள். விற்றவர் கண்டியைச் சுற்றியுள்ள எமது ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். என் சாச்சியின் மருமகன் வழியில் தூரத்து உறவும்கூட.

அலுமாரி வந்த ஒன்பதாம் நாள் நடுத்தட்டு வளைந்தது. ஒரு வாரம் அடைமழை பெய்தது. பின்புறத்தின் கீழ் ஓரம் ஊதி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தேக்குத் தோல் உரிந்தது. ஊர் ஓடாவியார் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது மரமில்ல மாஸ்டர். மரத்தூள அமுக்கிச் செஞ்ச பலக. தண்ணி பட்டா இப்படித்தான் ஊதும்” என்றார்.

அன்றிரவே விற்றவருக்கு அறிவித்தேன். அடுத்து வந்த நாட்களில் அவர் மூன்று பதில்களைத் தந்தார். முதலாவது: “நானா, நாங்க செய்யல்லயே. மொறட்டுவையில இருந்து வந்தத அப்படியே அனுப்பினோம். அவங்க செஞ்ச பிழை.” இரண்டாவது பதிலை அவர் வாயால் சொல்லவில்லை; விளம்பரத்தில் “தேக்கு மரத்திலான” என்று இருந்தது “தேக்கு நிறத்திலான” என்று மாறியிருந்தது. மூன்றாவது பதில் வருவதற்குள் நான் ஆசிரியன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. “சேர், சல்லிய முழுசாத் திருப்பித் தாறன். நீங்க எங்களுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுங்க.”

இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

“நான் செய்யவில்லை” என்ற பதில் மிகப் பழையது. மதீனாவின் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அனைவரும் அறிவோம். விற்பவர் அன்றும் அதைத்தான் சொன்னார்: மழை பெய்தது, நான் நனைக்கவில்லை என்று. அந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்கத் தவறுகிற ஓரிடம் உண்டு. நனைத்தது யார் என்ற விசாரணையை நபியவர்கள் தொடங்கவே இல்லை. மழைதான் நனைத்தது என்பதை ஏற்றுக்கொண்டு, நனைந்ததை மனிதர் பார்க்கும்படி மேலே ஏன் வைக்கவில்லை என்றே கேட்டார்கள். குறை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அது ஏன் மறைந்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. சந்தைக்கு முக்கியமானது இரண்டாவது கேள்விதான்.

குற்றவாளி வேறு, பொறுப்பாளி வேறு என்ற இந்த வேறுபாட்டை எமது சட்ட அறிஞர்கள் தெளிவாகவே கண்டிருக்கிறார்கள். பொருள் கைமாறுவதற்கு முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், விற்றவர் அதை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ரோமாபுரியில் சந்தைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிகளும் ஏறத்தாழ இதே முடிவுக்கே வந்தார்கள். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் முன்னரே சொல்ல வேண்டும். தவறினால் 6 மாதத்துக்குள் விற்பனையை முறிக்கலாம், அல்லது ஒரு வருடத்துக்குள் விலையில் குறைத்துக் கேட்கலாம் என்று அவர்கள் விதித்தார்கள். அந்த ரோமச் சட்டம் ஒல்லாந்தர் வழியாக எமது நாட்டின் பொதுச்சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் தமது நாட்டில் 1893இல் செய்த சட்டத்தைப் பின்பற்றி இங்கே 1896இல் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். வர்ணனையை நம்பி விற்கப்படும் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைக்காரரை நான் கண்டதுமில்லை, அவருக்குப் பணம் கொடுத்ததுமில்லை. என்னிடம் “தேக்கு” என்று சொன்னவர் எவரோ அவரே எனக்குப் பொறுப்பாளி. அவர் பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அது அவருடைய வழக்கு.

இதைச் சொல்லும்போது அந்த இளைஞரின் நிலையையும் நான் நினைக்காமலில்லை. 2020இன் முடக்கத்துக்கும் 2022இன் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு எமது ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் கடை வாடகை கொடுக்க வழியின்றிக் கைத்தொலைபேசியையே கடையாக்கிக் கொண்டார்கள். முதலில்லாதவனுக்கு அது ஒரு வாசல். பொருளைக் கையால் தொடாமலே விற்கும் அவர்களும் பலவேளை ஏமாற்றப்படுகிறார்கள். அதனால்தான் அவரை மோசடிக்காரர் என்று நான் முதல் நாளில் சொல்லவில்லை. பொறுப்பாளி என்றே சொன்னேன். ஆனால் விளம்பரத்தில் ஒரு சொல்லை மாற்றிய இரவில் அவர் இரண்டுக்கும் இடையிலிருந்த கோட்டைத் தாண்டினார்.

அந்தச் சொல் ஏன் அவ்வளவு பாரதூரமானது? கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. என் உம்மாவின் வாப்பா அலுமாரி செய்வித்தபோது, மரம் அவருடைய தோட்டத்துப் பலா. அனுமதி எடுத்துத் தறித்து, அரிந்து, காய வைத்து, ஓடாவியாரை வீட்டுக்கே அழைத்துத் திண்ணையில் வைத்துச் செய்வித்தார். மரத்தை முளையிலிருந்து அறிவார். ஓடாவியாரை அவருடைய தகப்பனிலிருந்து அறிவார். அங்கே விளம்பரச் சொல்லுக்கு வேலையில்லை. இன்றைக்கு எனக்கும் அலுமாரிக்கும் இடையில் இருப்பது ஒரு படமும் சில சொற்களும் மட்டுமே.

காணாத பொருளை வாங்குவது பற்றி எமது இமாம்கள் கொண்ட தயக்கத்தை இப்போதுதான் என்னால் சரியாகப் புரிந்துகொள்ள முடிகிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, கண்ணால் காணாத குறிப்பிட்ட பொருளை விற்பது செல்லாது என்பதாகும். ஹனபி மத்ஹப் அதை அனுமதித்து, கண்ட பின் வேண்டாமென்று சொல்லும் உரிமையை வாங்குபவருக்குக் கொடுத்தது. பொருளின் இனத்தையும் தரத்தையும் அளவையும் ஒளிவின்றிச் சொல்லி, விலையை முன்கூட்டியே பெற்று, பின்னர் ஒப்படைக்கும் ஸலம் முறையை இரு சாராரும் ஏற்றனர். வழிகள் வேறுபட்டாலும் கவலை ஒன்றுதான். கண் இல்லாத இடத்தில் சொல் கண்ணாக வேண்டும். அந்தச் சொல் பொய்த்தால் வாங்குபவன் குருடனாகிறான்.

இன்று உலகின் பல நாடுகள் இதே கவலையை வேறு மொழியில் சட்டமாக்கிக்கொண்டிருக்கின்றன. தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்ப ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இடமளிக்கிறது. இந்தியாவில் 2020இல் வந்த மின்வணிக விதிகள், முறைப்பாடு கிடைத்த 48 மணித்தியாலங்களுக்குள் அதைப் பெற்றதாக அறிவிக்கவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கட்டளையிடுகின்றன. எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இணைய வழி உடன்படிக்கையைச் செல்லுபடியாக்குகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முறைப்பாடுகளை விசாரிக்கிறது. விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த 3 மாதக் கெடு எனக்கு ஒன்றை உணர்த்தியது. ஷாபிஈ மத்ஹபிலும் குறையைக் கண்டவர் தக்க காரணமின்றித் தாமதித்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமையை இழக்கிறார். இரண்டு சட்டங்களும் வாங்குபவனைப் பார்த்து ஒன்றையே சொல்கின்றன: குறையைக் கண்டாயா, சொல். விற்றவரை மாதக்கணக்கில் அந்தரத்தில் தொங்கவிட்டு, பொருளையும் பாவித்துவிட்டு, நினைத்த நேரத்தில் வந்து நியாயம் கேட்காதே. ஆகவே வாங்குபவனுக்கும் கடமை உண்டு. குறையைத் தாமதமின்றிச் சொல்வதே அது.

இனி மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். முழுப் பணமும் திரும்பி வரும். பதிலுக்கு ஐந்து நட்சத்திரம். ஒரு கிராமத்து ஆசிரியனுக்கு 74,500 ரூபா சிறிய தொகையல்ல. யாருக்கு என்ன நட்டம் என்றே முதலில் தோன்றும்.

யாருக்கு நட்டம் என்பதை அடுத்த பாடசாலையில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். என்னைக் கவர்ந்த அந்த 41 புகழுரைகளில் ஒன்று அவருடையது. விசாரித்தேன். அவருக்கு வந்த மேசையும் ஒரு பக்கம் வெடித்திருந்ததாம். “5,000 ரூபா திருப்பித் தந்தாங்க. அஞ்சு நட்சத்திரம் தானே, சும்மா போட்டன்” என்றார். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினையாதவர். ஆயினும் அவர் 5,000 ரூபாவுக்கு விற்றது எதை? தன்னுடைய மேசையை அல்ல. என்னுடைய கண்ணை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரை பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு இதை விளக்குகிறது. 2001இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நல்ல பொருளையும் கெட்ட பொருளையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கிடைக்கும். அந்த விலையில் நல்ல பொருளை விற்பவருக்குக் கட்டாது. அவர் மெல்ல ஒதுங்குகிறார். மிஞ்சுவது கெட்டதே. உண்மையான தேக்கில் அலுமாரி செய்து உண்மையான விலை சொல்லும் கட்டுகஸ்தோட்டைத் தச்சரை நினைத்துப் பாருங்கள். மரத்தூள் பலகைக்கு 41 ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும்போது அவரிடம் யார் போவார்? கூலிக்குப் புகழ்வது இன்று பல நாடுகளில் சட்டத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இந்தியா 2022இல் இணையப் புகழுரைகளுக்கென்றே ஒரு நியமத்தை வெளியிட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சன்மானம் கொடுப்பதை 2024இல் தடைசெய்தது. தராசின் தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகும் இந்த நட்சத்திரமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. மெழுகை வியாபாரி ஒட்டுகிறார்; நட்சத்திரத்தை வாங்கியவரே ஒட்டுகிறார்.

நான் மறுத்தேன். பணத்தை நிபந்தனையின்றித் தருவதே நியாயம் என்று எழுதினேன். இதன் பிறகுதான் எமது ஆட்களின் அறிவுரைகள் வரத் தொடங்கின. அவற்றை நான் இலேசாக எண்ணவில்லை. சொன்னவர்கள் அனைவரும் என் நன்மையை நாடியவர்களே.

முதலாவது அறிவுரை: “சபூர் செய்யுங்க மாஸ்டர். அல்லாஹ் வேற வழியில தருவான்.” சபூர் உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எனக்கு நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ளும் பலம். இன்னொருவருக்கு நேரப்போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கான அனுமதியல்ல. தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்டு நபியவர்களிடமே கடுமையாகப் பேசிய ஒரு மனிதரைத் தோழர்கள் தண்டிக்க எழுந்தபோது, உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்ற கருத்தில் அவரை விடச் சொல்லிவிட்டு, அவருக்குக் கொடுக்க வேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கும்படி பணித்தார்கள். அவரைப் பொறுமையற்றவர் என்று அங்கே எவரும் தள்ளிவிடவில்லை.

இரண்டாவது அறிவுரை: “ஒரு முஸ்லிமுடைய குறைய மறைக்கிறது நன்மை.” இதுவும் மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால் எந்தக் குறையை? ஒருவர் தன்னோடு வைத்துக்கொண்ட பலவீனத்தை மறைப்பது வேறு. மற்றவர் பணத்தைத் தின்னும் குறையை மறைப்பது வேறு. 13ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி, புறம் பேசுவது குற்றமாகாத ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்தியுள்ளார். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரத்திடம் முறையிடுவது அவற்றுள் ஒன்று. மக்களை எச்சரிப்பது இன்னொன்று. குறையுள்ள பொருளை அறியாமல் வாங்கப் போகிறவரிடம் அதைச் சொல்வதையும் அவர் இந்த வகைக்குள்ளேயே அடக்குகிறார். இமாம் கஸ்ஸாலியும் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசுமிடத்தில் பொருளின் குறையை மறைப்பதை மோசடி என்றே கருதுகிறார். எமது நூல்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் தீர்த்துவைத்த ஒன்றை நாம் இன்னும் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது அறிவுரைதான் என்னை நீண்ட நாள் உறங்கவிடாதது. அதைச் சொன்னவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரியவர். “தம்பி, திகன எரிஞ்சத நீங்க மறந்தாலும் நான் மறக்கல்ல. எங்கட ஆக்கள்ட குறைய நாங்களே வெளியில சென்னா, அவங்களுக்கு நாங்களே தடி எடுத்துக் கொடுக்கிறதாகாதா?”

எவரும் மறக்கவில்லை. 2018 மார்ச் 5ஆம் திகதி திகனவிலும் தெல்தெனியவிலும் தொடங்கிய வன்முறை அடுத்த நாட்களில் கண்டி மாவட்டத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. 2019 ஏப்ரலின் கொடூரத் தாக்குதல்களுக்குப் பிறகு, அதில் எவ்விதப் பங்கும் இல்லாத எமது வியாபாரிகளின் கடைகளைப் பகிஷ்கரிக்கும் குரல்களும் எழுந்தன. இவற்றைக் கண்ட ஒருவர், எமது வியாபாரி ஒருவரின் குறையை எழுத்தில் வைப்பதற்கு அஞ்சுவது இயல்பு. அந்தப் பெரியவரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதை மதித்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நான் முறைப்பாடு செய்யாவிட்டால் அந்த அலுமாரிகள் நின்றுவிடுமா? அவை எல்லா வீடுகளுக்கும் போகும். கண்டியில் தளபாடம் வாங்குவோர் நம்மவர் மட்டுமல்லர். ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அதே தேக்குத் தோல் உரியும் நாளில், அவர்கள் அந்த இளைஞரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். நம் எல்லோருடைய பெயரையும் சொல்வார்கள். தடி அங்கேதான் தயாராகிறது. குறையை நாமே முதலில் கண்டு, உரிய இடத்தில் சொல்லித் திருத்தினால், அது ஒருவருடைய குறையாகவே நின்றுவிடும். மறைத்தால் அது சமூகத்தின் குறையாக வளரும். கண்டி நகரத்துப் புடவைக் கடைகளில் எமது முன்னோர் தேடிய நற்பெயர், குறை காண்போர் இல்லாததால் வந்ததல்ல. வெட்டிய துணியில் ஓட்டை கண்டவர் எந்த இனத்தவராயினும், மறுநாள் தயக்கமின்றித் திரும்பி வரக்கூடியதாக இருந்ததால் வந்தது.

ஆனால் அந்தப் பெரியவரின் எச்சரிக்கையில் எனக்கொரு பாடமும் உண்டு. சொல்ல வேண்டும் என்பது ஒன்று. எப்படி, எவ்வளவு சொல்வது என்பது இன்னொன்று. குறை அலுமாரியில் இருந்தது. வார்த்தையும் அலுமாரியோடு நிற்க வேண்டும். அவருடைய குடும்பம், ஊர், தொழுகை எதுவும் அதில் வரக்கூடாது. “இவர்களே இப்படித்தான்” என்ற பன்மை ஒருபோதும் வரக்கூடாது. அந்தப் பன்மையால்தான் திகன எரிந்தது. முதலில் அவரிடமே சொல்ல வேண்டும். அவர் கேளாவிட்டால் அதிகாரத்திடம். அதன் பின்னரே மற்றவர்களிடம். அவர் திருத்திக்கொண்டால் அதையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும். குறையைச் சொல்லி நிறையை விழுங்குபவனும் தராசில் கைவைத்தவனே.

இந்த ஒழுங்கின்படியே செய்தேன். விளம்பரத்தின் படம், வங்கிப் பற்றுச்சீட்டு, உரிந்த பலகையின் படங்கள் ஆகியவற்றோடு முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை அவருக்கும் அனுப்பினேன். விசாரணைக்கு அழைப்பு வருமுன்னரே அவர் லொறியோடு வந்து அலுமாரியை ஏற்றிக்கொண்டு 74,500 ரூபாவைத் திருப்பித் தந்தார். முதலில் நான் கொடுத்த 3,500 ரூபா லொறிக் கூலியைக் கேட்கவில்லை. அது என்னுடையது, விட்டேன். விற்கும்போதும் வாங்கும்போதும் தன் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்காக நபியவர்கள் பிரார்த்தித்தது எனக்கு நினைவிருந்தது. பிறகு, முன்பு புகழ் கேட்ட அதே இடத்தில் நான்கு வரி எழுதினேன்: என்ன சொல்லப்பட்டது, என்ன வந்தது, பணம் முழுதாகத் திரும்பியது, அதற்கு எத்தனை நாள் சென்றது. நட்சத்திரம் எதுவும் இடவில்லை.

அந்த நான்கு வரிக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். சாச்சியின் வீட்டார் முன்போல் பேசுவதில்லை. அவ்வீட்டுக் கல்யாணத்துக்கு எமக்கு அழைப்பு வரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் எழுதியது வஞ்சம் என்பது அவர்களுடைய எண்ணம். அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ரோமத் தத்துவவாதி சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கைக் கூறுகிறார். பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வியாபாரி வருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், தீவார் அறியார். அதைச் சொல்லிவிட்டு மலிவாக விற்பதா, வாய்மூடி அதிக விலைக்கு விற்பதா? சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்று டயோஜெனிஸ் என்ற அறிஞர் வாதிட்டார். அவருடைய மாணவர் அன்டிபேட்டர் அதை ஏற்கவில்லை. மனிதர் ஒருவருக்கொருவர் நன்மை செய்யப் பிறந்தவர்கள், அவர்களுக்குப் பயன்படும் செய்தியைத் தன் இலாபத்துக்காக மறைக்கக்கூடாது என்றார். சிசரோவின் தீர்ப்பும் மாணவர் பக்கமே சாய்ந்தது.

அந்த வழக்கு விற்பவரைப் பற்றியது. என் கேள்வி, அதே தீர்ப்பு வாங்குபவருக்கும் பொருந்தாதா என்பதுதான். பணம் திரும்பியதோடு எனக்கும் அந்த இளைஞருக்கும் இடையிலான கணக்குத் தீர்ந்தது உண்மை. என் மனக்கசப்பு, என் லொறிக் கூலி, நான் அலைந்த நாட்கள் எல்லாம் என் சொத்து. அவற்றை விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு முழு உரிமையும் உண்டு, விட்டுக்கொடுப்பது நல்லதும்கூட. ஆனால் அடுத்து வாங்கப் போகிறவர் அறிய வேண்டிய செய்தி என்னுடைய சொத்தல்ல. அது என் கையில் வந்து தங்கிய அமானிதம். என்னுடையதல்லாத ஒன்றை நான் எப்படி விட்டுக்கொடுப்பது? அதை மன்னிப்பு என்ற பெயரில் கொடுத்தாலும், ஐந்து நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கொடுத்தாலும், இழப்பவர் நானல்ல. முகம் தெரியாத இன்னொருவர்.

எமது வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகள் தம் வாழ்நாளில் வாங்கப்போகும் பொருட்களில் பெரும்பகுதியைப் படத்தில் பார்த்தே வாங்குவார்கள். தோட்டத்துப் பலாவும் திண்ணையில் வேலைசெய்த ஓடாவியாரும் இனி அவர்களுக்கு வாய்க்கப் போவதில்லை. ஆகவே ஒருவருக்கொருவர் கண்ணாக இருப்பதை அவர்கள் கற்றாக வேண்டும். எனக்கு முன் வாங்கிய 41 பேரில் ஒருவராவது உண்மையை நான்கு வரியில் எழுதியிருந்தால், அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். எனக்கு அது கிடைக்கவில்லை என்பதற்காக, எனக்குப் பின் வருகிறவருக்கு நான் கொடுக்க வேண்டியது இல்லாமற் போய்விடாது.